மருந்தாளுநர் கல்வியும் வெளிநாட்டுப் பணிப்பதிவும்

மருந்தாளுநர் கல்வி என்பது மருந்துகளைத் தயாரித்தல், அவற்றின் தரத்தை ஆய்தல், முறையாகச் சேமித்தல், மருத்துவரின் மருந்துச்சீட்டுப்படி வழங்குதல், மருந்தை உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு எடுத்துரைத்தல் ஆகியவற்றுக்குத் தேவையான அறிவையும் பயிற்சியையும் தரும் தொழிற்கல்வி ஆகும். மருத்துவத்தைப் போலவே இதுவும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட தொழிலுக்கான கல்வியாகும். பட்டம் பெற்ற ஒருவர் தம் பெயரை அந்நாட்டின் மருந்தாளுநர் பதிவேட்டில் பதிவு செய்த பின்னரே பணியாற்ற முடியும். ஒரு நாட்டின் பதிவு மற்றொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாவதில்லை.

இதனால் வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர், எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதற்கு முன்பே எந்த நாட்டில் பதிவு பெறுவது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் 17 அல்லது 18 வயதில் எடுக்கும் முடிவு, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டின் கதவைத் திறக்கவோ மூடவோ கூடும். இக்கட்டுரை மதுரை மாநகரின் தென்பகுதியில் உள்ள பழங்காநத்தம் போன்ற ஓர் ஊர்ப்பகுதியிலிருந்து புறப்படும் மாணவரின் நிலையைக் கொண்டு இக்கல்வியையும் அதன் பின்னுள்ள வழிகளையும் விளக்குகிறது.

சொல்வழக்கு

தமிழ்நாட்டில் இத்துறைக் கல்லூரிகள் பெரும்பாலும் 'மருந்தியல் கல்லூரி' எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் 'பார்மசி காலேஜ்' என்பதே பரவலானது. ஆயினும் மருந்தியல் என்னும் சொல், மருந்து உடலில் செயற்படும் விதத்தை ஆயும் தனித்த அறிவியல் துறையையும் குறிக்கும். அத்துறை மருந்தாளுநர் கல்வியின் ஒரு பாடம் மட்டுமே ஆகும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 'மருந்தாளுநர்' என்ற சொல்லும், இலங்கையில் 'மருந்தாளர்' என்ற சொல்லும் வழங்குகின்றன. இக்கட்டுரையில் தொழிலரைக் குறிக்க மருந்தாளுநர் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

இந்தியாவில் வரலாறு

பிரித்தானியர் காலத்தில் மருந்து கலந்து கொடுப்போர் 'கம்பவுண்டர்' எனப்பட்டனர். அவர்களுக்கு மருத்துவமனைகளில் குறுகிய காலப் பயிற்சியே அளிக்கப்பட்டது. சந்தையில் போலி மருந்துகள் பெருகிய நிலையை ஆராய 1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்துகள் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மருந்துகளின் தரத்துக்கும் மருந்தாளுநர் தொழிலுக்கும் சட்டம் தேவை என அக்குழு பரிந்துரைத்தது. 1932இல் பேராசிரியர் மகாதேவ லால் சுராஃப் முயற்சியால் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் பல்கலைக்கழக அளவிலான மருந்தாளுநர் கல்வி தொடங்கியது. இந்தியாவில் இத்துறைக் கல்வியின் தந்தை என அவர் போற்றப்படுகிறார்.

1940இல் மருந்துகள் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் தொழிலுக்கான பார்மசி சட்டமும் இயற்றப்பட்டன. பின்னதன்படி 1949இல் இந்திய மருந்தாளுநர் மன்றம் அமைந்தது. பாடத்திட்டத்தை வகுப்பதும் கல்லூரிகளுக்கு ஏற்பளிப்பதும் இம்மன்றத்தின் பணிகளாகும். மாணவர் பெயரைப் பதிவு செய்வது மாநில மன்றங்களின் பணியாகும். தமிழ்நாட்டு மன்றம் சென்னையில் இயங்குகிறது.

படிப்புகள்

இந்தியாவில் நடைமுறையிலுள்ள முதன்மையான படிப்புகள் பின்வருமாறு:

• டி.பார்ம் (பட்டயம்): 2 ஆண்டுகள். இதனுடன் 500 மணி நேர நேர்முகப் பயிற்சியும் உண்டு. மருந்துக்கடை நடத்தவும் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றவும் இதுவே அடிப்படைத் தகுதியாகும். பட்டயம் பெற்றவர் பதிவு செய்வதற்கு முன் வெளியேறு தேர்வு ஒன்றை எழுத வேண்டும் என 2022இல் விதி வகுக்கப்பட்டது.

• பி.பார்ம் (இளநிலைப் பட்டம்): 4 ஆண்டுகள், 8 பருவங்கள். மருந்து வேதியியல், மருந்தாக்கம், மூலிகை மருந்தறிவியல், மருந்தியல் ஆகியவை இதன் தூண்களாகும். தொழிற்சாலையையும் ஆய்வுக்கூடத்தையும் நோக்கிய படிப்பு இது. பட்டயம் பெற்றவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

• பார்ம்.டி: 6 ஆண்டுகள். இவற்றில் 5 ஆண்டுகள் படிப்பும், ஓராண்டு மருத்துவமனை உள்ளிருப்புப் பயிற்சியும் ஆகும். 2008ஆம் ஆண்டின் விதிகளால் அறிமுகமானது. நோயாளியின் படுக்கையருகே மருத்துவக் குழுவுடன் பணியாற்றும் மருந்தாளுநரை உருவாக்குவது இதன் நோக்கம். பி.பார்ம் முடித்தோர் 3 ஆண்டுகளில் இப்பட்டத்தைப் பெற ஒரு தனிப்பிரிவும் உள்ளது.

• எம்.பார்ம் (முதுநிலைப் பட்டம்): 2 ஆண்டுகள். இதில் சேரவும் உதவித்தொகை பெறவும் ஜிபேட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு உதவுகிறது.

தமிழ்நாட்டில் பி.பார்ம், பார்ம்.டி ஆகியவற்றின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு வழியாக, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்திருத்தல் வேண்டும். மருத்துவப் படிப்புக்குரிய 'நீட்' தேர்வு இதற்குத் தேவையில்லை.

மதுரைப் பகுதியில்

பழங்காநத்தம் மதுரை மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதியாகும். இது நகரிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இங்கிருந்து மருந்தாளுநர் கல்வியை நாடும் மாணவர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. வையையின் வடகரையில், 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து அரசு மருந்தியல் கல்லூரி இயங்குகிறது. அரசு இராசாசி மருத்துவமனை இதன் அருகிலேயே உள்ளது. கட்டணம் குறைவு என்பதால் இதன் இடங்களுக்குப் போட்டி மிகுதி. மேலூர் சாலையில் உத்தங்குடியில் கே. எம். மருந்தியல் கல்லூரி உள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் கிருட்டிணன்கோயிலிலும் சிவகாசியிலும் தனியார் கல்லூரிகள் உள்ளன. தமிழ்நாட்டின் பெரும்பான்மையான மருந்தியல் கல்லூரிகள் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை.

மதுரையில் இத்துறைக்கான தொழில் தளமும் உண்டு. 1976இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992இல் உருவான ஆரோலேப் நிறுவனம், கண்ணுள் பொருத்தும் வில்லைகளையும் கண் மருந்துகளையும் தயாரித்துப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. தேசிய மருந்தாக்கக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் (நைபர்) கிளை ஒன்றை மதுரையில் அமைக்கும் திட்டம் 2010களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. எனினும் அது செயல்வடிவம் பெறவில்லை. ஆகவே தென் தமிழகத்து மாணவர் நைபரில் பயில ஐதராபாத், மொகாலி முதலிய நகரங்களுக்கே செல்கின்றனர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

இந்திய மருந்தாளுநர் மன்றம் புதிய கல்லூரிகளுக்கு 2020-21 கல்வியாண்டு முதல் ஐந்து ஆண்டுகள் தடை விதித்திருந்தது. நிருவாகக் கட்டளை ஒன்றால் இத்தகைய தடையை விதிக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதன் பின் நாடெங்கும் புதிய கல்லூரிகள் பல தோன்றின. எனவே கல்லூரியின் தரத்தை மாணவரே ஆய்ந்தறிய வேண்டிய தேவை முன்னிலும் கூடியுள்ளது. கவனிக்க வேண்டியவை:

• ஏற்பு: மன்றத்தின் ஏற்பு அந்தக் கல்லூரிக்கும், அந்தப் படிப்புக்கும், சேரும் ஆண்டுக்கும் உள்ளதா என்பதை மன்றத்தின் இணையத்தளத்தில் காணலாம். பி.பார்முக்கு ஏற்பு பெற்ற கல்லூரி பார்ம்.டிக்கும் ஏற்பு பெற்றிருக்கும் எனக் கொள்ளலாகாது. ஏற்பில்லாத படிப்பை முடித்தவர் இந்தியாவில் பதிவு பெற இயலாது. சொந்த நாட்டில் பதிவு பெற இயலாதவரை ஏற்கப் பிற நாடுகளும் தயங்கும்.

• மருத்துவமனை: பார்ம்.டி நடத்தும் கல்லூரிக்கு 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் இணைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அம்மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது, மாணவர்கள் நாள்தோறும் நோயாளிகளைக் காண்கிறார்களா என்பவற்றை மூத்த மாணவர்களிடம் கேட்டறியலாம்.

• ஆய்வுக்கூடமும் ஆசிரியரும்: பி.பார்ம் மாணவருக்குக் கருவிகளைத் தம் கையால் இயக்கும் வாய்ப்பு உண்டா என்பது முக்கியமானது.

• ஆவணம் வழங்கும் முறை: வெளிநாட்டு மன்றங்கள் பாடவாரி மதிப்பெண் விவரங்களையும் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையிலோ மின்வழியிலோ நேரடியாகக் கேட்கின்றன. இதில் ஏற்படும் தாமதம் ஓராண்டை வீணாக்கிவிடக் கூடும்.

தரவரிசைப் பட்டியல்களும் ஓரளவு உதவும். நடுவண் அரசின் தேசியத் தரவரிசையில் 2016 முதல் மருந்தாளுநர் கல்விக்குத் தனிப்பிரிவு உள்ளது. உதகமண்டலத்தில் உள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இப்பட்டியலில் முன்னிலையில் இடம்பெற்று வருகிறது. ஆயினும் தரவரிசையைப் பார்த்து வெளிநாட்டு மன்றங்கள் பதிவு வழங்குவதில்லை. அவை பார்ப்பவை படிப்பின் கால அளவும் பாடத்தின் உள்ளடக்கமும் ஏற்பும் ஆகும்.

பட்டமும் பதிவும்

இத்துறையில் வெளிநாடு செல்வோர் தவறாமல் அறிய வேண்டிய வேறுபாடு பட்டத்துக்கும் பதிவுக்கும் இடையிலானது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. மருந்து வழங்கும் உரிமையைத் தருவதோ அந்நாட்டின் மன்றமோ வாரியமோ ஆகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருந்து அறிவியலில் எம்.எஸ். அல்லது எம்.எஸ்சி. பட்டம் பெற்றவர் அதனால் மட்டும் அந்நாட்டில் மருந்தாளுநர் ஆகிவிடுவதில்லை. அவருக்கு ஆய்வுக்கூடத்திலும் மருந்து நிறுவனத்திலும் பணி கிடைக்கலாம். ஆனால் மருந்தகத்தில் மருந்துச்சீட்டைச் சரிபார்த்து மருந்து வழங்கும் உரிமை கிடையாது. படிப்பின் பெயரில் பார்மசி என்ற சொல் இருப்பதால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கடன் பெற்றுச் செல்வோர், அங்கே சென்ற பின்னரே வேறுபாட்டை அறிகின்றனர்.

நாடுகள் வாரியாக

அமெரிக்க ஐக்கிய நாடுகள்

அமெரிக்காவில் மருந்தாளுநராவதற்கான ஒரே நுழைவுப் பட்டம் பார்ம்.டி ஆகும். 2000களின் தொடக்கத்தில் இளநிலைப் பட்டம் கைவிடப்பட்டது. வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் முதலில் மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம் வழங்கும் எஃப்.பி.ஜி.இ.சி. என்னும் தகுதிச் சான்றைப் பெற வேண்டும். இதற்குச் சான்றிதழ் மதிப்பீடு, தகுதித் தேர்வு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு ஆகியன உண்டு. பின்னர் ஒரு மாநிலத்தில் பயிற்சி மணி நேரத்தை நிறைவு செய்து, நேப்லெக்ஸ் எனப்படும் உரிமத் தேர்வையும், அம்மாநிலம் கோரும் சட்டத் தேர்வையும் எழுத வேண்டும்.

2003 சனவரி 1 முதல் பட்டம் பெறுவோர் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தைப் படித்திருக்க வேண்டும் என இச்சங்கம் விதி கொண்டுவந்தது. இந்திய பி.பார்ம் நான்காண்டுப் படிப்பு ஆகும். 1998இல் கல்லூரியில் சேர்ந்து 2002இல் பட்டம் பெற்றவருக்கு இத்தேர்வை எழுத வழியிருந்தது. ஓராண்டு கழித்துச் சேர்ந்து 2003இல் பட்டம் பெற்றவர் அதே கல்லூரியில் அதே பாடங்களைப் படித்திருந்தும் இவ்விதியால் தகுதி இழந்தார். அவர்கள் கல்லூரியில் சேர்ந்தபோது எண்ணிப் பார்த்திராத தடை இது. 2008இல் இந்தியாவில் அறிமுகமான ஆறாண்டு பார்ம்.டி இக்கால அளவை நிறைவு செய்வதாக அமைந்தது. அமெரிக்காவை நோக்கும் மாணவர்கள் பலர் பி.பார்மை விட்டு இதைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணமாகும். இத்தகைய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவன. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் நடைமுறையிலுள்ள விதியைச் சங்கத்தின் கையேட்டிலிருந்தே அறிதல் வேண்டும்.

மற்றொரு வழி அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலேயே பார்ம்.டி பயில்வதாகும். கல்லூரி அளவில் ஏறத்தாழ 2 ஆண்டு முன்படிப்பும், அதன் பின் பொதுவாக 4 ஆண்டுத் தொழிற்படிப்பும் இதற்குத் தேவை. ஏ.சி.பி.இ. என்னும் ஏற்பளிப்பு மன்றத்தின் ஏற்பு அக்கல்லூரிக்கு இருத்தல் இன்றியமையாதது. முன்னர் பல கல்லூரிகள் கோரிவந்த பிகேட் நுழைவுத் தேர்வு 2024 சனவரியுடன் நிறுத்தப்பட்டது. இவ்வழி தெளிவானதாயினும் செலவு மிகுந்தது.

கனடா

கனடாவில் பதிவு மாகாண அளவில் நிகழ்கிறது. வெளிநாட்டுப் பட்டதாரி முதலில் தேசிய இணையவாயிலில் பெயர் பதிந்து, கனடிய மருந்தாளுநர் தேர்வு வாரியத்திடம் ஆவணங்களை மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார். அதன்பின் மதிப்பீட்டுத் தேர்வும், இரு பகுதிகள் கொண்ட தகுதித் தேர்வும் உண்டு. நான்காண்டு பி.பார்ம் பட்டதாரிகள் இவ்வழியில் சென்று பதிவு பெற்றுள்ளனர். தேர்வை எழுதும் முறைகளுக்கு வரம்பு உண்டு. கியூபெக் மாகாணம் தனி நடைமுறையைப் பின்பற்றுகிறது. அங்கு பிரெஞ்சு மொழியறிவும் தேவை.

தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதி செய்முறைத் தேர்வாகும். இதில் நோயாளியாக நடிக்கும் ஒருவர் முன் அமர்ந்து, மாணவர் அவரது குறையைக் கேட்டு, மருந்தை விளக்கி, ஐயம் தீர்க்க வேண்டும். இந்தியாவில் வேதியியலும் மருந்தாக்கமும் நன்கு கற்றவர்களும் இப்பகுதியில் இடர்ப்படுவதுண்டு. பாட அறிவோடு உரையாடும் திறனும் இங்கு மதிப்பிடப்படுவதே காரணம். டொராண்டோ பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில நிறுவனங்கள் இதற்கென இணைப்புப் பயிற்சி அளிக்கின்றன.

ஐக்கிய இராச்சியம்

பெரிய பிரித்தானியாவில் பொது மருந்தாளுநர் மன்றம் 2010 முதல் பதிவுப் பணியை ஆற்றுகிறது. அதற்கு முன் அரச மருந்தாளுநர் கழகம் இதைச் செய்துவந்தது. உள்நாட்டு மாணவருக்கான வழி 4 ஆண்டு எம்.பார்ம் பட்டம், ஓராண்டு அடிப்படைப் பயிற்சி, பதிவுத் தேர்வு என்பதாகும். இந்தியாவின் எம்.பார்ம் ஈராண்டு முதுநிலைப் பட்டம். பிரித்தானியாவின் எம்.பார்ம் தொழிலுக்கான முதற்பட்டம். பெயர் ஒன்றாயினும் இவை வேறு.

இந்தியாவில் தகுதி பெற்ற மருந்தாளுநருக்கு ஓஸ்பாப் என்னும் ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருந்து வருகிறது. ஆசுட்டன், பிரைட்டன், ஃகெர்ட்ஃபோர்டுசயர், சண்டர்லாந்து முதலிய பல்கலைக்கழகங்கள் இதை நடத்தியுள்ளன. இதன் பின் 52 வாரப் பயிற்சியும் பதிவுத் தேர்வும் உண்டு. படிப்பில் இடம் பெறுவது போலவே, ஊதியத்துடன் கூடிய பயிற்சி இடத்தைப் பெறுவதும் தனி முயற்சி ஆகும்.

ஆஸ்திரேலியா

ஆஸ்திரேலிய மருந்தாளுநர் மன்றம் வெளிநாட்டுத் தகுதியை மதிப்பிட்டுத் தேர்வு நடத்துகிறது. நெடுங்காலம் காப்ஸ் என்ற பெயரில் நடந்த தேர்வுக்குப் பதிலாக 2025 முதல் ஓப்ரா என்னும் தேர்வு நடத்தப்படுகிறது. தேர்ச்சிக்குப் பின் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியும், எழுத்து, வாய்மொழித் தேர்வுகளும் உண்டு. பழைய தேர்வுக்கான வழிகாட்டி நூல்களை வைத்துப் படிப்போர் இம்மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

வளைகுடா நாடுகள்

ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார் முதலிய நாடுகளே குறைந்த செலவில் எட்டக் கூடியவை. இங்கு மீண்டும் பட்டம் பயில வேண்டியதில்லை. சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நடைமுறையும், கணினிவழி உரிமத் தேர்வும் உண்டு. பணி அனுபவமும் கோரப்படுவது வழக்கம். பட்டயம் மட்டும் பெற்றோர் பல இடங்களில் மருந்தாளுநருக்கு அடுத்த நிலையான தொழில்நுட்பப் பணிக்கே தகுதி பெறுவர். சவூதி அரேபியா 2020 முதல் மருந்தாளுநர் பணிகளில் தன் குடிமக்களுக்கு ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்தி வருகிறது.

செருமனி

செருமனியில் அப்ரோபாசியோன் என்னும் அரசு உரிமம் தேவை. வெளிநாட்டுப் படிப்பு உள்நாட்டுப் படிப்புக்கு நிகரில்லை எனக் கருதப்பட்டால் அறிவுத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். இவற்றுக்கு மேலாகத் தொழில்சார் செருமானிய மொழித் தேர்வும் உண்டு.

இலங்கை

இலங்கையில் மருந்தாளர்களை இலங்கை மருத்துவ மன்றம் பதிவு செய்கிறது. யாழ்ப்பாணம், பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பட்டப்படிப்பை வழங்குகின்றன. அங்கிருந்து தமிழகம் வந்து பயில எண்ணுவோர், சேர்வதற்கு முன்பே தம் பட்டம் இலங்கையில் ஏற்கப்படுமா என அம்மன்றத்திடம் எழுத்து வழியாகக் கேட்டறிதல் நன்று.

ஆய்வு வழி

மருந்தகப் பணியை நாடாமல் ஆராய்ச்சியை விரும்புவோருக்கு உரிமம் தேவையில்லை. இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895-1948) ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர் 1920களில் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். இந்தியாவில் பெற்ற தகுதி அங்கு மருத்துவராகப் பணியாற்ற உதவாத நிலையில், மருத்துவமனையில் எளிய வேலைகளைச் செய்துகொண்டே ஆய்வில் ஈடுபட்டார். பின்னர் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுத் தலைவராகிப் பல மருந்துகள் உருவாகக் காரணமானார்.

இன்று பி.பார்ம் பட்டதாரிகள் மருந்தாக்கவியல், மருந்து வேதியியல், மருந்தியல் ஆகியவற்றில் வெளிநாட்டு முதுநிலைப் படிப்பிலும் முனைவர் பட்ட ஆய்விலும் சேர்கின்றனர். அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். முதுநிலை மாணவருக்கு இவை கிடைப்பது அரிது. அமெரிக்காவில் மருந்து அறிவியல் பட்டங்கள் பல அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவில் அடங்குவதால், படிப்புக்குப் பின் பணிப்பயிற்சிக் காலம் 12 மாதத்துடன் மேலும் 24 மாதம் நீட்டிக்கப்படுகிறது. இது தங்கும் உரிமைக்கு உறுதியளிப்பதாகாது.

உள்நாட்டுப் பணித்துறைகள்

வெளிநாட்டு முயற்சி பலிக்காவிடினும் இப்பட்டம் வீணாவதில்லை. மருந்து விற்பனை பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும் என்பது இந்தியச் சட்டமாகும். எனவே சொந்தமாக மருந்துக்கடை நடத்துவது என்றும் உள்ள வழியாகும். தமிழ்நாட்டு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மருந்தாளுநர் பட்டயமோ பட்டமோ பெற்றோர் தொழில்முனைவோராக இணைக்கப்பட்டனர். 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தாளுநர்களைத் தேர்வு செய்கிறது. மருந்து ஆய்வாளர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது.

தனியார் துறையில் மருந்து உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, ஒழுங்குமுறை ஆவணப் பணி, மருத்துவச் சோதனைகள், மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணித்தல் ஆகிய பிரிவுகள் உள்ளன. இறுதியாகச் சொன்னதற்கென இந்திய அரசு 2010இல் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மருத்துவமனைகளில் மருத்துவச் சிகிச்சைசார் மருந்தாளுநர் என்னும் பதவி 2015ஆம் ஆண்டின் தொழில்நடைமுறை விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்டது. ஆயினும் பார்ம்.டி பட்டதாரிகளுக்கு ஏற்ற பணியிடங்கள் நாட்டில் குறைவாகவே உள்ளன. ஆறாண்டு படித்தவர் நான்காண்டு படித்தவருடன் ஒரே பணிக்குப் போட்டியிடும் நிலை உண்டு. இப்பட்டத்தைத் தேர்வோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செலவும் ஆவணங்களும்

தேர்வுக் கட்டணம், சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, நுழைவுரிமை, பயிற்சிக் காலத்து வாழ்க்கைச் செலவு ஆகியவை கல்விக் கட்டணத்துக்கு அப்பாற்பட்டவை. வங்கிக் கடன் பெறுவோர், பதிவு பெறும் வரை வருவாய் இல்லாத மாதங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பட்டியல் சாதியினர் முதலானோருக்கு நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும், தமிழ்நாட்டு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டமும் உள்ளன.

எல்லாச் சான்றிதழ்களிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே வடிவில் இருத்தல் முக்கியம். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாக இடுவது மரபு. வெளிநாட்டு மன்றங்களோ குடும்பப் பெயரை முழுமையாகக் கேட்கின்றன. இதனால் எழும் முரண்பாடு பல மாதத் தாமதத்தை உண்டாக்கும். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உறுப்பு நாடாக உள்ளது. உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும்.

வெளிநாட்டில் பயின்று திரும்புவோர்

பள்ளிக் கல்வி முடிந்ததும் நேரடியாக வெளிநாட்டில் பட்டம் பயில்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். திரும்பி வந்து இந்தியாவில் பணியாற்ற, அவ்வெளிநாட்டுப் பட்டம் பார்மசி சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் ஏற்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஏற்பில்லாத நாட்டில் மலிவான படிப்பு எனச் சேர்பவர் இரு நாடுகளிலும் பதிவற்றவராக நிற்க நேரிடும்.

முடிவெடுக்கும் வரிசை

பழங்காநத்தத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவர் பின்வரும் வரிசையில் எண்ணிப் பார்க்கலாம்:

1. மருந்தகம் அல்லது மருத்துவமனையில் நோயாளிகளுடன் பணியாற்ற விருப்பமா, ஆய்விலும் தொழிற்சாலையிலும் விருப்பமா?
2. நோயாளிப் பணி எனில், எந்த நாட்டில்? அந்நாட்டு மன்றம் கோரும் படிப்புக் காலம் எவ்வளவு?
3. அதற்குப் பொருந்துவது பி.பார்மா, பார்ம்.டியா? கூடுதல் ஈராண்டின் செலவைக் குடும்பம் தாங்குமா?
4. அப்படிப்புக்கு அக்கல்லூரியில் மன்றத்தின் ஏற்பு உள்ளதா? மருத்துவமனைப் பயிற்சி உண்மையில் நடைபெறுகிறதா?
5. வெளிநாட்டு வழி அடைபட்டால் அதே பட்டத்தைக் கொண்டு மதுரையில் என்ன செய்யலாம்?

நாடு எதுவென உறுதியாகாத மாணவருக்கு அரசு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பி.பார்ம் பொருத்தமானது. கனடா, பிரித்தானியா, வளைகுடா ஆகிய வழிகளும் ஆய்வு வழியும் இப்பட்டத்துக்கு இருந்து வருகின்றன. மருத்துவமனைப் பணியில் உறுதியான நாட்டமும் ஆறாண்டு படிக்க வசதியும் உள்ளவருக்குப் பார்ம்.டி ஏற்றது. எதுவாயினும், முகவர்களின் வாய்மொழியை மட்டும் நம்பாமல், செல்ல விரும்பும் நாட்டு மன்றத்தின் இணையத்தளத்தைத் தாமே படித்தறிந்த பின் கலந்தாய்வுக்குச் செல்வது பயன்தரும்.

இவற்றையும் பார்க்க

• மருந்தியல்
• மதுரை மருத்துவக் கல்லூரி
• தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்
• எல்லாப்பிரகட சுப்பாராவ்
• பழங்காநத்தம்